இரவல் நெருப்பு

தம்பி ஜெயிலுக்குப் போய் நாற்பது நாள் ஆன பிறகுதான் வக்கீல் முதன்முதலாக வீடு தேடி வந்தார். மூன்று மாடி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி தம்பியைப் பற்றியது இல்லை.

"இந்தப் பொண்ணுக்கு எத்தனை வருஷமா வைத்தியம் பாக்கறீங்க?"

அம்மா பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். மூத்த பெண் என்பதால் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஜன்னலோரம் நின்று ஈரச் சட்டையை உதறிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். நாலு நாளாக விடாத மழை. அறைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் துணியெல்லாம் காயாமல் மக்கல் வாடை அடித்தது.

"பதினெட்டு வருஷம். பத்தொன்பது வயசுல ஆரம்பிச்சது," என்று பெரியவளே சொன்னாள்.

"ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துச் சீட்டெல்லாம் பத்திரமா இருக்கா?"

"ஒண்ணு விடாம இருக்கு. நான்தான் எடுத்து வெச்சிருக்கேன்," அம்மா முந்திக்கொண்டாள்.

வக்கீல் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அப்போ வழி இருக்கும்மா. இது பரம்பரையா வர்ற நோய். அக்காவுக்கு இருக்கு, தம்பிக்கும் இருந்திருக்கு, வீட்டுல யாரும் கவனிக்கலை. புத்தி சுவாதீனம் இல்லாம செஞ்சான்னு ஆயிட்டா ஜெயில் கிடையாது. ஆஸ்பத்திரிதான். சில வருஷத்துல வெளிய வந்துடலாம். இந்தம்மா சின்ன வயசுலேர்ந்து தம்பிகிட்ட பாத்ததைக் கோர்ட்டுல வந்து சொல்லணும், அவ்வளவுதான்."

"நான் ஒண்ணும் பாக்கலையே. அவனுக்கு அப்படி எதுவும் இல்ல," என்றாள் பெரியவள்.

"இல்லைன்னு நீங்க எப்படிம்மா சொல்ல முடியும்? நீங்க என்ன டாக்டரா?"

"டாக்டர் இல்ல. நோயாளி."

வக்கீல் சிரிக்கவில்லை. அம்மா ஃபைலை எடுக்க அலமாரிப் பக்கம் போய்விட்டாள்.

தம்பி செய்ததை அந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அது" என்றுதான் சொல்வார்கள். அவன் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். கை சுத்தம், பேச்சு சுத்தம், குடி கிடையாது. வீட்டுக்குள் மட்டும் வேறு ஆள். அவன் பெண்டாட்டி தையல்காரி. கால்சட்டை சுருக்குவது, ஜிப் மாற்றுவது மாதிரி சில்லறைத் தையல். ஐந்து வருஷம் அடி வாங்கினாள். பிறகு ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தையல் மெஷின் மட்டும் பக்கத்துத் தெருவில் அவர்கள் குடியிருந்த அறையிலேயே இருந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அதை எடுக்க வந்தாள். தம்பி உள்ளே இருந்தான். பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்புக் கம்பி கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. ஒரு அடியோடு நிறுத்தவில்லை. பிறகு கை கால் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு, கீழே சைக்கிள் கடைக்காரரிடம் போய், "போலீசுக்கு ஒரு போன் போட்டுடுங்கண்ணே," என்றான்.

அவள் வரும் நேரத்தை அவனுக்குச் சொன்னது பெரியவள்தான். இது யாருக்கும் தெரியாது.

*

பெரியவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டிரியில். முன்பக்கம் கண்ணாடிக் கதவும் பூந்தொட்டியும். பின்பக்கம் நீராவியும் சலவைச் சோடா நெடியும். நாளொன்றுக்கு அறுநூறு விரிப்பு. துவைத்துப் பிழிந்து வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, கொதிக்கக் கொதிக்கச் சுற்றும் இஸ்திரி உருளைக்குள் விட வேண்டும். விரல் ஒரு அங்குலம் கூடப் போனால் தோல் அதோடு போய்விடும். அதனால் ஜோடி முக்கியம். ஒருத்தி கை முந்தினால் மற்றவளுக்கு ஆபத்து.

பெரியவளுக்கு ஜோடி ரேடியோ. காலை ஏழுக்குத் திறந்த வாயைச் சாயங்காலம் நாலுக்குத்தான் மூடுவாள் என்பதால் வந்த பெயர். பெரியவளின் மாத்திரை விஷயம் அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். யாராவது கேட்டால், "அவளுக்குப் பல் வலி," என்று சொல்லி வைத்திருந்தாள்.

"பதினோரு வருஷமாவாக்கா பல் வலி?" என்று ஒரு தடவை பெரியவள் கேட்டதற்கு, "உன் பல்லு அப்படி. நான் என்ன பண்ண?" என்றாள்.

மாத்திரை அட்டையை வைக்கச் சீருடைக்கு உள்பக்கம் ஒரு பை தைத்துக் கொடுத்தது தையல்காரி. "வெளிப் பையில வெச்சா தண்ணில ஊறிடும் அண்ணி," என்று சொல்லிக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் அடித்துக் கொடுத்தாள். அம்மாவைத் தவிர பெரியவளின் மூன்று மாத்திரைக்கும் பேர் தெரிந்த ஒரே ஆள் அவள்.

தையல்காரி செத்ததிலிருந்து ரேடியோ ஒரு காரியம் செய்தாள். கறை பட்ட துணிக் கூடை வந்தால், பெரியவள் பார்ப்பதற்குள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். பழகிய வேலைதான். ஆனால் இப்போது பெரியவள் அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுவாள்.

"வக்கீல் வந்தாராமே," என்றாள் ரேடியோ, உருளைச் சத்தத்துக்கு மேல்.

"என் நோயைத் தம்பிக்குக் குடுக்கணுமாம்."

"குடுக்க முடிஞ்சா எப்பவோ குடுத்திருப்பியே. நீ என்ன சொன்னே?"

"அம்மா ஃபைலைக் குடுத்துட்டாங்க."

"உன்னைக் கேக்காமயா?" ரேடியோ விரிப்பை உதறினாள். "கோர்ட்டுல ஏறிட்டா ஊருக்கே தெரிஞ்சுடும்டி. அப்புறம் நான் பல் வலின்னு சொன்னா என்னைக் கட்டி வெச்சு அடிப்பாங்க."

*

அன்று சாயங்காலம் அம்மா சோறு போட்டு, முட்டையை இரண்டாக அறுத்து, இரண்டு பாதியையும் பெரியவள் தட்டிலேயே வைத்தாள். அப்போதே பெரியவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு வேணாம்மா. பாதி போதும்."

"சாப்பிடு." அம்மா எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு அறுபத்தாறு வயது. நாற்பது வருஷம் அடுக்குமாடி வீடுகளில் படி துடைத்து முழங்கால் தேய்ந்துபோனவள். "ஒரு வார்த்தைதான் கேக்கறாங்க. அவன் ராத்திரில தூங்க மாட்டான், தனியாப் பேசிக்குவான்னு சொன்னா உனக்கு என்ன குறைஞ்சு போயிடும்?"

"அவன் தனியாப் பேச மாட்டாம்மா. நான்தான் பேசுவேன்."

அம்மா இடது பக்கச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழுவழுவென்று சுருங்கி, கொதித்த பாலின் ஆடை மாதிரி கிடந்தது. பெரியவள் பத்தொன்பது வயதில் ஊற்றிய வெந்நீர்.

"இதை நான் யார்கிட்டயாவது சொன்னேனா? டாக்டர் கேட்டப்போகூட கை தவறிக் கொட்டிக்கிட்டேன்னுதானே சொன்னேன். உனக்கு நோய்னு தெரிஞ்சுது, மன்னிச்சேன். அதே வயித்துல பொறந்தவன்தானே அவனும். உனக்கு ஒரு நியாயம் அவனுக்கு ஒரு நியாயமா?"

பெரியவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் உன்னைக் காப்பாத்தத்தாம்மா ஊத்துனேன்," என்றாள். "உன் கை எரிஞ்சுது. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. தண்ணி சூடா ஆறிப்போச்சான்னுகூட எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியும்டி. அதான் சொல்றேன். அவனுக்கும் ஏதோ தெரிஞ்சிருக்கும். இல்லாட்டி என் பிள்ளை அப்படிப் பண்ணுவானா? சொல்லு, பண்ணுவானா?"

அம்மா கேட்டது பெரியவளிடம் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் அவள் நாற்பது நாளாக எழுந்து, உட்கார்ந்து, படுத்துக்கொண்டிருந்தாள். பைத்தியம் இல்லையென்றால் அவன் யார், அவனைப் பெற்ற தான் யார் என்ற இடத்துக்கு அவளால் போக முடியவில்லை. பெரியவள் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"சரிம்மா. அவனைப் போய் ஒரு தடவை பாத்துட்டு வரேன். அப்புறம் சொல்றேன்."

*

ஜெயிலில் பார்க்கும் இடம் ஒரு நீள வராந்தா. நடுவே இரண்டு வரிசைக் கம்பிவலை. இரண்டு வலைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசினார்கள். தம்பி முகச்சவரம் செய்து, தலை வாரி வந்திருந்தான். இளைத்திருந்தான்.

"டாக்டருங்க மூணு பேர் வந்தாங்கக்கா. நான் எல்லாம் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

அவன் வலையில் முகத்தை ஒட்டிக்கொண்டான். "அவ தோள்ல நெருப்பு பத்திக்கிட்டுது. நீல நெருப்பு. புகையே இல்ல. நனைஞ்ச செங்கல் வாசனை வந்துச்சு. அணைக்கணும்னுதான் அடிச்சேன்னு சொன்னேன்."

பெரியவளுக்கு அந்த வராந்தாவின் சத்தமெல்லாம் ஒரு கணம் நின்றுபோனது.

அவள் முதல்முறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எல்லோரும் ஏன் செய்தாய் என்றுதான் கேட்டார்கள். "என்னக்கா பாத்தே?" என்று கேட்டது பதின்மூன்று வயதுத் தம்பி மட்டும்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பயப்படாமல், அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அவனுக்கு மட்டும் சொன்னாள். நீல நெருப்பு. புகை இல்லை. நனைந்த செங்கல் வாசனை. அந்த வாசனையை டாக்டரிடம்கூட அவள் சொன்னதில்லை; ஃபைலில் அது கிடையாது. பதினெட்டு வருஷம் அவன் அதை மறக்கவில்லை என்று நினைத்தபோது முதலில் வந்தது கோபம்கூட இல்லை. அந்தக் கட்டில் ஓரத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தம்பி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான்.

"சரியாச் சொன்னேனாக்கா?"

பெரியவள் வலையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா அவளை அடிச்சே?" என்றாள்.

"மெஷினையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டா அப்புறம் நான் யாருக்கா? பட்டறையில அத்தனை பேரும் பாத்துச் சிரிப்பான்." அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி. "அம்மாவைப் பாத்துக்கோ. வக்கீல் சொல்றபடி செஞ்சுடு."

*

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லாண்டிரியின் பின்வாசலில் குடை பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். தையல்காரியின் அம்மா. ஆள் பாதியாகியிருந்தாள். பெரியவள் சாப்பாட்டு டப்பாவை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். கூரை ஓரத்தில் இருவரும் நின்றார்கள். மழைச்சாரல் காலில் அடித்தது.

"உள்ள வாங்க அத்தை."

"இல்லம்மா. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். உங்க வக்கீல் பேசறதையெல்லாம் ஆளுங்க வந்து சொல்றாங்க. அவனுக்குச் சித்தம் சரியில்லையாமே. நிஜமா?"

பெரியவள் ஈரக் கையைச் சீருடையில் துடைத்தாள்.

"சண்டை போட வரலை. நிஜம்னா எனக்கு ஒரு ஆறுதல்தான், அதான் கேக்கறேன்." அவள் குடையைக் கை மாற்றிக்கொண்டாள். "இடி விழுந்து செத்தா யாரை நோக முடியும்? அப்படின்னு நெனச்சுக்குவேன். என் பொண்ணை ஒருத்தன் வெறுத்து, நின்னு நெதானமாக் கொன்னான்னு நெனச்சாத்தான் சோறு இறங்க மாட்டேங்குது. நீ இந்த நோய் பட்டவ. உனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொன்னா நான் நம்பிக்குவேன்."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தையில் இரண்டு தாய்மாருக்கும் ஆறுதல். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அன்னிக்கு அவ ரெண்டு மணிக்கு வருவான்னு அவனுக்குச் சொன்னது நான்தான் அத்தை," என்றாள் பெரியவள். "செவ்வாய்க்கிழமை இதே வாசல்ல வந்து நின்னான். ரெண்டு டீ வாங்கிட்டு வந்தான். மெஷினை எடுக்க அவ எப்ப வராளாம்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். அவ என்கிட்ட சொல்லியிருந்ததை, தூக்கிவிட ஆள் வேணுமேன்னு நெனச்சு அவன்கிட்ட சொல்லிட்டேன்."

தையல்காரியின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். குடையை மடக்கிக் கையில் பிடித்திருந்தாள். மழையில் நனைந்துகொண்டே போனாள்.

*

கோர்ட்டில் பெரியவளைக் கூண்டில் ஏற்றியது தம்பியின் வக்கீல். அம்மா மூன்றாவது பெஞ்சில், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் சரி என்று தலையாட்டித்தான் பெரியவள் வீட்டிலிருந்து கிளம்பினாள். பொய் சொல்வதாகத்தான் நினைத்திருந்தாள். முதல் இரண்டு கேள்வி வரைக்கும் சொல்லவும் செய்தாள். தம்பி அதிகம் தூங்க மாட்டான் என்றாள். யாரோடும் சேர மாட்டான் என்றாள்.

"சம்பவத்தன்று அவர் நெருப்பைக் கண்டதாகச் சொல்கிறார். இதே மாதிரி நெருப்பு உங்களுக்கும் தெரிந்ததுண்டா?"

"உண்டு."

"நீல நிறத்தில்?"

"ஆமாங்க." அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையை லேசாக அசைத்தான், சொல்லு என்பது மாதிரி. "அது என் நெருப்புங்க. அவன் பாத்ததில்ல. நான் அவனுக்குச் சொன்னது."

ஹாலில் யாரோ இருமினார்கள். வக்கீல் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில், செங்கல் வாசனை, ஜெயிலில் 'சரியாச் சொன்னேனா' என்று கேட்டது, செவ்வாய்க்கிழமை இரண்டு டீ, எல்லாவற்றையும் சொன்னாள். "எனக்கு நோய் வந்தப்போ நான் எங்க அம்மாவைச் சுட்டுட்டேன். இல்லைன்னு சொல்லல. ஆனா எனக்கு அவங்க மேல பிரியம் மாறவே இல்ல. உலகம்தான் மாறிப்போச்சு. அவனுக்கு உலகம் சரியாத்தான் இருந்துச்சு."

சாட்சி பிறழ்ந்துவிட்டதாக வக்கீல் நீதிபதியிடம் சொன்னார். பிறகு அவர் குரல் மாறியது.

"நீங்கள் தினமும் எத்தனை மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?"

"மூணு."

"சாப்பிடாவிட்டால்?"

"சத்தம் கேக்கும்."

"இன்று காலை சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டேன்."

"அதற்கு யார் சாட்சி?"

ஒவ்வொரு நாளும் காலையில் தண்ணீர்த் தம்ளரோடு பக்கத்தில் நின்று, அவள் விழுங்கும் வரை பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிச் சரிபார்ப்பவள் அம்மா. அன்று காலையும் பார்த்தாள். பெரியவள் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாள். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"யாரும் இல்லீங்க," என்றாள் பெரியவள்.

*

மறுநாள் ரேடியோ உருளை முன்னால் விரிப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நல்ல கதையா இருக்கே. பொய் சொல்லியிருந்தா நீ சாட்சி. நிஜம் சொன்னதால பைத்தியம்."

அதே வாரம் மேற்பார்வையாளர் பெரியவளைக் கூப்பிட்டு, இனிமேல் அவள் உருளைப் பக்கம் வர வேண்டாம், துண்டு மடிக்கிற மேஜைக்குப் போகலாம் என்றார். சுடுகிற மெஷின் பக்கத்தில் அவளை வைத்துக்கொள்ள மற்றவர்கள் பயப்படுகிறார்களாம். ரேடியோவும் அங்கேதான் நின்றாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட இந்தக் கை முந்தியதில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகள், புருஷன் வேலையில்லாமல் இருந்தான். ரேடியோ அன்று பேசவில்லை. மத்தியானம் தன் டப்பாவிலிருந்து பாதி ரொட்டியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

தீர்ப்பில் பெரியவள் சொன்னதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: நோயாளி என்பதால் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று. நீதிபதி எடுத்துக்கொண்டது வேறொன்றை. சம்பவத்துக்கு முதல் நாளே, புதன்கிழமை, தம்பி பட்டறையில் அரை நாள் லீவு கேட்டுத் தன் கையெழுத்தில் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தான். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று இருந்தது. ஆயுள் தண்டனை.

அதாவது அவள் பேசாமலே இருந்திருந்தாலும் அதே தீர்ப்புதான் வந்திருக்கும்.

அம்மா சண்டை போடவில்லை. பெரியவளை அழைப்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். "சோறு இருக்கு," என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். "தண்ணி நின்னு போச்சு," என்று கதவைப் பார்த்துச் சொல்வாள். காலையில் தம்ளரோடு வந்து நிற்பதில்லை. பெரியவள் தானாகவே மூன்று மாத்திரையையும் விழுங்கிவிட்டு, யாரும் பார்க்காத வாயை ஒரு தடவை திறந்து மூடுவாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மா பிஸ்கட்டும் சோப்பும் வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஜெயிலுக்குப் போய் வருவாள். வந்து அவன் இளைத்துவிட்டான் என்று அடுப்பிடம் சொல்வாள். இப்படியே இரண்டு வருஷம் போனது.

*

மூன்றாவது வருஷம் ஜெயில் டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. கைதி சாப்பிடுவதில்லை, சுவரில் தலையை மோதிக்கொள்கிறார், குடும்பத்தில் இந்த நோய் உள்ள சகோதரி நேரில் வந்தால் நல்லது என்று எழுதியிருந்தது. அம்மா கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். பெரியவள் படித்தாள். மறுநாள் இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், பேசாமல் போனார்கள்.

ஒருவரைத்தான் உள்ளே விடுவேன் என்றார் காவலர். "நடிப்பும்மா," என்று நடந்துகொண்டே சொன்னார். "கோர்ட்டுலேயே நடிச்சவன்தானே. இப்போ மறுபடி ஆரம்பிச்சுட்டான்."

டாக்டர் இளம் வயதுக்காரர். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "இங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. எனக்கும் நிச்சயமாத் தெரியல. உங்ககிட்ட பேசுவாருன்னு நெனைக்கறேன்," என்றார்.

தம்பி சிகிச்சை அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் கட்டு. தலை வாரவில்லை. அறை மூலையில் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா பண்ணுது?"

"ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன். இவங்க சும்மா சொல்றாங்க."

சொல்லும்போதே பாதியில் நின்றான். கழுத்து ஒரு நூலளவு திரும்பியது. எதையோ கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். கோர்ட்டுக்காகச் சொன்ன கதையில் இது இல்லை. நோய் உள்ளவன் அதைச் சொல்ல மாட்டான். மறைப்பான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய சில மாதம் அவளும் இப்படித்தான் மறைத்தாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை அவன் காதுக்கு மட்டும் எட்டும்படி வைத்துக்கொண்டாள். "என்கிட்ட சொல்லு. எத்தனை பேர் பேசறாங்க?"

அவன் கண்ணில் நீர் கட்டியது. "ஒருத்தன்தான். பெரிசா ஒண்ணும் சொல்ல மாட்டான். எந்திரிக்கிறான், உக்கார்றான், தட்டை எடுக்கறான், வெச்சுட்டான்னு நான் பண்றதையே சொல்லிக்கிட்டே இருக்கான். விடாம. தூங்க விட மாட்டேங்கறான்." அவன் அவள் விரலைப் பிடித்தான். "நிக்குமாக்கா?"

"குறையும். மாத்திரை சாப்பிட்டா குறையும். கொஞ்சம் நாளாகும்."

அவன் தலையாட்டினான். அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று பெரியவளுக்குத் தெரியும். கேட்காமல் அந்த அறையை விட்டு எழுந்து போக முடியாது என்றும் தெரியும்.

"அன்னிக்கு இவன் இருந்தானாடா? வியாழக்கிழமை?"

தம்பி யோசித்தான். நேர்மையாகத்தான் யோசித்தான். குழாய் சொட்டியது, அவன் தோள் சுருங்கியது, மறுபடி நிமிர்ந்தது.

"இல்லக்கா. அன்னிக்கு ஒரு சத்தமும் இல்ல. மனசு அவ்வளவு தெளிவா இருந்துச்சு." பிறகு ஏக்கத்தோடு சொன்னான். "அந்த மாதிரி தெளிவா ஒரே ஒரு நாள் கெடைச்சாப் போதும்னு இருக்கு இப்போ."

பெரியவள் அவன் பிடியிலிருந்து விரலை உருவவில்லை. உருவ வேண்டும் என்று தோன்றியது. உருவவில்லை. வெளியே வந்து டாக்டரிடம், "நிஜம்தான் டாக்டர். இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க," என்றாள். அவர் எழுதிக்கொண்டார். பழைய கேஸைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

*

ஜெயில் வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் அம்மா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் பொட்டலம் மடியிலேயே இருந்தது. வெயில் காலம், நிறுத்தத்தின் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றாங்க?" இந்தத் தடவை அவள் சுவரையோ கதவையோ பார்க்கவில்லை.

"நோய்தாம்மா. நிஜமாவே வந்திருக்கு. மருந்து குடுக்கறாங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று பெரியவள் குனிந்து பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது அழுகை இல்லை. நெடுநாள் பாரத்தை இறக்கி வைத்த ஒரு களைப்பு.

"அப்பவே சொன்னேனே. என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லைன்னு சொன்னேனே." பெரியவளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளைத் தொட்டாள். "சொல்லுடி பெரியவளே. அன்னிக்கே இருந்திருக்கும்ல?"

சாலையில் ஒரு லாரி போனது. அது போய் முடியும்வரை பெரியவள் காத்திருந்தாள். அம்மாவின் கை அவள் மணிக்கட்டில் இறுகியிருந்தது.

"தெரியலம்மா," என்றாள்.

அம்மா பெருமூச்சு விட்டாள். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இதையே அன்னிக்குக் கோர்ட்டுல சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.